ஆறிய எண்ணெய்

ஃப்ரைஸ் சூடாக வேண்டுமென்றால் உப்பில்லாமல் கேளுங்கள், மேடம். பொரித்ததும் மொத்தமாக உப்புப் போட்டு, சூடு ஆறாமலிருக்க எரியும் விளக்குக்கு அடியில் குவித்து வைத்திருப்போம். அதிலிருந்து அள்ளிக் கொடுத்தால் வேலை முடிந்தது. உப்பில்லாமல் என்று ஒருவர் கேட்டுவிட்டால் அவருக்கென்று புதிதாகப் பொரித்தே தீர வேண்டும். உப்பை நீங்கள் அப்புறம் தூவிக்கொள்ளலாம். எங்கள் ஆட்கள் யாரும் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்த பிறகு இதை மட்டும் மறைப்பானேன்.

கடையில் ஃப்ரையர் என் பொறுப்பு. எண்ணெய் நிற்கும் இரண்டு பெரிய தொட்டிகள், கம்பிக் கூடைகள், ஒவ்வொரு கூடைக்கும் ஒரு மணி. மணி கத்தினால் கூடையைத் தூக்க வேண்டும். தூக்கும்வரை விடாமல் கத்தும். வீட்டில் தூங்கும்போதும் அது எனக்குக் கேட்கும். எழுந்து உட்கார்ந்து கையை நீட்டுவேன். என் தங்கையின் பிள்ளைகள் இதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வேலையைப் பற்றி நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். முதலில் வாசம். தலைக்கு எத்தனை முறை குளித்தாலும் எண்ணெய் வாசம் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருக்கும். தெரு நாய்கள் மட்டும் எனக்கு நல்ல மரியாதை கொடுக்கும். அடுத்தது சிரிப்பு. சேர்ந்த அன்று ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். எத்தனை பல் தெரிய வேண்டும் என்பது வரை அதில் உண்டு. எனக்கு உள்ளே வேலை என்பதால் பல்லுக்குக் கட்டாயம் இல்லை. மூன்றாவது, யாரும் தங்க மாட்டார்கள்.

அதுதான் முக்கியம். யாரும் தங்க மாட்டார்கள். வருவார்கள், பெட்டி மடிக்கக் கற்றுக்கொள்வார்கள், கை சுட்டுக்கொள்வார்கள், ஒரு நாள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். புது ஆளுக்குப் பெயர் அட்டை அச்சடித்து வருவதற்குள் அவரே போய்விடுவதால், போனவர்களின் அட்டைகளையே வருகிறவர்களுக்குக் குத்திவிடுவது எங்கள் வழக்கம். கோழி வேஷம் போடும் அண்ணன் நெஞ்சில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அதனால் நாங்கள் வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். கோழி, கல்லுக்காரன், மைக். என்னை ஃப்ரையர் அக்கா என்பார்கள்.

நான் தங்கியிருப்பது தங்கை வீட்டு ஹாலில். மடக்குக் கட்டில், பகலில் அது சோபாவுக்குப் பின்னால் போய்விடும். தங்கை கணவர் தங்கமானவர், ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. "அவங்க எப்ப வேணும்னாலும் போகட்டும், நாம ஏன் தடுக்கணும்" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார். வீட்டில் நான் எப்போது போவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கடையில் எல்லோரும் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

கல்லுக்காரனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இறைச்சியைக் கல்லில் வாட்டுகிறவன். என் முதுகுக்குப் பின்னால்தான் அவன் கல். நாள் முழுக்க நாங்கள் முகம் பார்க்காமலே பேசிக்கொண்டிருப்போம். கப்பல் சமையலறை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கம்பெனிக்காரர்கள் ஆள் எப்படி என்று விசாரிக்கக் கடைக்குப் போன் செய்தார்கள். மேனேஜர் வெளியே போயிருந்தார். நான் எடுத்தேன்.

"நல்ல பையன்தான் சார். கை மட்டும் கொஞ்சம் நீளம்" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. வேலை இல்லை என்று தகவல் வந்த அன்று அவன் குளிர் அறையில் போய் நின்றுகொண்டு அழுதான். அங்கே அழுதால் கண்ணீர் சீக்கிரம் அடங்கிவிடும், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி அது. வெளியே வந்தவனுக்கு நான் புதிதாக ஒரு கூடை பொரித்துக் கொடுத்தேன். "நீங்க ஒருத்தர்தான்க்கா எனக்கு" என்றான். ரொம்ப நாள் இருந்தான். பிறகு ஒரு காலையில் வரவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. நன்றி என்பது சிலருக்கு ரத்தத்திலேயே கிடையாது.

அதற்குப் பிறகு வந்தவள்தான் மைக்.

காரில் வருகிறவர்கள் இறங்காமல் ஜன்னலிலேயே வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் சொல்வதைக் காதில் கேட்டு, வாயருகே உள்ள மைக்கில் பதில் சொல்லி, அதே மூச்சில் எங்களுக்கும் சொல்ல வேண்டும். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. "சார் பெரிய சைஸ் தரட்டுமா, அக்கா ரெண்டு கூடை போடுங்க, இல்ல சார் உங்கள அக்கான்னு சொல்லல" என்று ஒரே இழுப்பில் போவாள். சேர்ந்த புதிதில் ஒருவன் ஐஸ் போதவில்லை என்று குளிர்பானத்தை அப்படியே அவள் முகத்தில் வீசிவிட்டுப் போனான். அன்றே தொப்பியைக் கழற்றிவிட்டாள். நான்தான் அவள் தலையைத் துடைத்துவிட்டு, என் மாற்றுச் சட்டையைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தேன்.

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்கே ஓடிப்போயிருப்பேன்க்கா" என்றாள்.

அதை நான் மறக்கவில்லை. ஒரு வார்த்தையைச் சொல்லும்முன் மனிதர்கள் யோசிக்க வேண்டும்.

பிறகு நாங்கள் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான். என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள், அவள் நிறுத்தம் வந்தால் நான் எழுப்புவேன். சில நாள் ஒரு நிறுத்தம் தள்ளி எழுப்புவேன்.

எங்கள் கடையில் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் விழா நடத்துவோம். கோழி வந்து ஆடும், பிள்ளைகள் அதன் வாலைப் பிடித்து இழுப்பார்கள், கேக் வெளியிலிருந்து வரும். ஒருமுறை கேக்கில் பிள்ளையின் பெயரைத் தப்பாக எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்குழந்தை, அது என் கேக் இல்லை என்று தரையில் புரண்டு அழுதது. மைக் ஓடிவந்து கத்தியால் எழுத்தை வழித்தெடுத்தாள். பிளாஸ்டிக் பை ஒன்றில் க்ரீமை நிரப்பி மூலையைக் கத்தரித்து, சரியான பெயரை எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் கிரீடம் வைத்த கோழி ஒன்றையும் வரைந்தாள். இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கேக் கொண்டுவந்த கடை முதலாளி தப்புக்கு மன்னிப்புக் கேட்க வந்தவர், வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"இந்தக் கை இங்க என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம். நடந்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேலைக்கு வா என்றார். இவளும் சரி என்றுவிட்டாள். என்னிடம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், நான் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாள். நான் சந்தோஷப்பட்டேன். பல் தெரிந்தது.

நான் முரட்டுத்தனமானவள் இல்லை. முதலில் பேசித்தான் பார்த்தேன். அவள் அம்மா ஒருநாள் கடைக்கு வந்தபோது தனியாக அழைத்து, "அந்த முதலாளி பார்வை அவ்வளவு சரியில்லம்மா. வயசுப் பொண்ணு, பார்த்துக்குங்க" என்றேன். பெற்ற வயிறு அல்லவா, முகம் செத்துப்போயிற்று. ஆனால் மைக் அம்மாவை நேராகக் கேக் கடைக்கே கூட்டிப்போய்விட்டாள். முதலாளியும் அவர் மனைவியும் சேர்ந்து உபசரித்து, ஒரு டப்பா நிறைய பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்களாம். அடுத்த முறை அந்த அம்மா என்னைப் பார்த்தபோது, "நீங்க அக்கறையிலதான் சொன்னீங்க, தெரியும்" என்றார். உண்மையும் அதுதான்.

அவளைப் போகவிடாதீர்கள் என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற சின்ன வயதுக்காரர். அவரால் முடிந்தது அவளுடைய படத்தைச் சுவரில் மாட்டியதுதான். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர். படத்தில் அவள் கழுத்தை யாரோ பிடித்திருப்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாளன்று அவளே ஒரு கேக் செய்து எடுத்துவந்தாள். அதில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு படம். கோழிக்கு வேஷத்தின் தலையைக் கக்கத்தில் இடுக்கிய ஆள். மேனேஜருக்குப் போன். எனக்கு ஃப்ரையர் கூடை. கம்பிகள், கைப்பிடி, உள்ளே ஒவ்வொரு ஃப்ரைஸும் தனித்தனி. என் துண்டை நான் அப்புறம் சாப்பிட்டேன். இனிப்புக் கொஞ்சம் கூடுதல்.

அன்று நடந்ததை ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருந்தேன். பகல் கூட்டம் ஓய்ந்திருந்தது. பழைய எண்ணெயை மாற்ற வேண்டிய நாள். தொட்டியை அணைத்து, எண்ணெயை ஆறவிட்டு, அடியிலுள்ள குழாயைத் திறந்து டின்னில் பிடிக்க வேண்டும். ஒருவர் டின்னைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் திறப்பது வழக்கம். என் பழக்கப்படி முழங்கை வரை கையுறை மாட்டியிருந்தேன். பக்கத்துத் தொட்டி கொதித்துக்கொண்டிருந்ததால், அனல் எதிலிருந்து வருகிறது என்று நிற்பவர்களுக்குத் தெரியாது.

"மைக், டின்னைக் கொஞ்சம் பிடிடி" என்றேன்.

"கடைசி நாளும் விடமாட்டீங்களாக்கா" என்று சிரித்துக்கொண்டே வந்து குந்தினாள். "ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சுடி."

வலது கையால் டின் விளிம்பைப் பிடித்தாள். குழாயைத் திறந்தேன். குழாயின் முனை அவள் கைப்பக்கம் திரும்பியிருந்தது.

அதன் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் நான் செய்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, உடனே அவளைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கையைத் தண்ணீரில் பிடித்தேன். மற்றவர்கள் கத்திக்கொண்டு நின்றார்கள். பற்பசை கொண்டுவந்த ஒருவனை விரட்டினேன். ஆஸ்பத்திரி போகும்வரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. கையை உடனே தண்ணீரில் வைத்திருக்காவிட்டால் மணிக்கட்டுவரை போயிருக்கும் என்று டாக்டரே சொன்னார். அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த மாதம் சுவரில் என் படத்தை மாட்டினார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. காலையில் அந்தக் குழாய் முனையைக் கழுவி மாட்டியது கோழி அண்ணன். விசாரிக்க வந்தவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். விழா ஒன்றின் நடுவில் கூப்பிட்டதால் வேஷத்தோடே வந்து உட்கார்ந்தார். கோழித் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் இறுக்கித்தான் சார் வெச்சேன், சத்தியமா இறுக்கித்தான் வெச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இறுக்கித்தான் வைத்திருந்தார், அது எனக்குத் தெரியும். அதைத் தளர்த்த எனக்குக் குறடு தேவைப்பட்டது. அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். எதிர்பாராத விதமாக ஓர் ஆள் குறைந்துவிட்டது.

மைக்குக்கு இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன, மற்றவை பாதிதான் மடங்கும். கட்டுப் பிரித்த அன்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என் கை மாதிரியே இல்லக்கா" என்றாள். நான் தினமும் போய் ஊட்டிவிட்டேன். தலை வாரிவிட்டேன். அந்த நாட்களில் அவள் என்னோடு பேசியதுபோல் அதற்கு முன்போ பின்போ யாரும் என்னிடம் பேசியதில்லை. எனக்கு அது நல்ல காலம். அவளுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஜன்னலில் ஆர்டர் வாங்கக் காதும் வாயும் போதும் என்று மேனேஜருக்கு எடுத்துச் சொன்னது நான்தான். திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். பழையபடி ஒரே தட்டு, ஒரே பஸ். கையை மட்டும் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொள்வாள். பேச்சும் குறைந்துவிட்டது. "சார் பெரிய சைஸ் தரட்டுமா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வேலைக்கு அது போதுமே.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது தட்டில் விரித்திருந்த காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். சாஸ் பாக்கெட்டைக் கிள்ளி, அதில் ஒரு ரோஜா வரைந்திருந்தாள்.

"எப்படி இருக்குக்கா?"

"யாருடி போட்டது?"

"நான்தான். இடது கையால." பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. "வீட்டுல தினமும் பழகுறேன். கேக் கடை சார்கிட்ட காட்டினேன். உன் இடம் அப்படியேதாம்மா இருக்கு, எப்ப வேணா வான்னு சொல்லிட்டாரு. அடுத்த வாரம் சேரலாம்னு இருக்கேன்க்கா."

இதழ் ஒன்று மட்டும் கொஞ்சம் கோணல். மற்றபடி, நான் பொய் சொல்ல விரும்பவில்லை, நன்றாகவே இருந்தது.

எண்ணெய் மாற்ற இன்னும் நாள் இருந்தது. நான் அன்றே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

பகல் கூட்டம் ஓய்ந்ததும் டின்னைக் கொண்டுவந்து வைத்தேன்.

"மைக், கொஞ்சம் வாடி. இதைப் பிடி."

"நானாக்கா?" கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு இந்தக் குழாயைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கு."

"பயத்தை விடணும்ல. இடது கையால பிடி. பழக்கத்துக்கும் நல்லது."

"ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சுடி."

வந்தாள். குந்தினாள். இடது கையை நீட்டினாள். டின்னைத் தொடும் முன் அவள் பார்வை என் கைகளில் நின்றது. பிறகு மெதுவாக முழங்கை வரை ஏறியது.

"ஆறின எண்ணெய்க்கு நீங்க எதுக்குக்கா கிளவுஸ் போட்டிருக்கீங்க?"

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அன்னைக்கும் போட்டிருந்தீங்க" என்றாள். அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை.

எழுந்தாள். பக்கத்துப் பையிலிருந்து உறைந்த ஃப்ரைஸ் ஒன்றை இடது கையால் எடுத்தாள். தொட்டிக்குள் போட்டாள். எண்ணெய் சடசடவென்று பொங்கியது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது சுழன்று, மிதந்து, ஓரம் சிவந்து, பொன்னிறமாக வந்தது. பதம் தப்பிவிடக்கூடாதே என்று நான்தான் கரண்டியால் எடுத்து வடியவிட்டேன். கை பழகிவிட்டது, என்ன செய்ய.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள். சின்னப் பிள்ளை கேட்பது போல.

"நீ இங்கேயே இருடி" என்றேன்.

அதுதான் காரணம். அன்று அவளிடம் சொன்னதும் அதுதான், இன்று உங்களிடம் சொல்வதும் அதுதான். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நீங்கள் காலையிலிருந்து கிண்டிக் கிண்டிக் கேட்கிறீர்கள். இல்லை.

காதிலிருந்து மைக்கைக் கழற்றி மேசையில் வைத்தாள். ரோஜா போட்ட காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். முன்வாசல் வழியாகப் போனாள். வெளியே கார்க்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். யாரும் இல்லாததால் மைக்கை நானே மாட்டிக்கொண்டு, என்ன வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பெரிய ஃப்ரைஸ் என்றான். கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கல்லுக்காரனைத் திருடன் என்றது நான். கேக் கடைக்காரர் மேல் பழி சொன்னது நான். குழாயைத் தளர்த்தியதும், முனையை அவள் கைப்பக்கம் திருப்பியதும், தொட்டியை அணைக்காமல், அது சூடாக இருப்பதைக் காட்டும் விளக்கை மட்டும் அணைத்து வைத்ததும் நான். கோழி அண்ணனுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள், அந்த வேஷம் வேறு யாருக்கும் பொருந்தாது.

ஆனால் அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தப் பெண்ணிடம் நான் எப்போதும் உண்மையாகத்தான் இருந்தேன், மேடம். அவளிடம் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதையும் இரண்டு முறைக்கு மேல் சொன்னதில்லை.